பொம்மைப் புத்தகமும் பீரோச் சாவியும்

நெய்வேலிச் சகோதரி ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். எட்டாவது படிக்கும் பெண்ணைப் புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாராம். பழுப்பு நிலக்கரி நிறுவனத்தார் 1998-ல் ஆரம்பித்தார்களே, அந்தக் கண்காட்சிதான். நல்ல நாவலாக ஒன்று வாங்குவாள் என்று பார்த்தால், பெண் ஜப்பான் தேசத்துப் படக்கதையைத் தூக்கிக் கொண்டு வந்து நின்றாளாம். போதாக்குறைக்கு அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறாளாம்! "பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டேன். செய்தது சரிதானே?" என்று கேட்கிறார்.

சரியில்லை, அம்மா. தயவு செய்து சாவியைப் பெண்ணிடம் கொடுத்து விடுங்கள்.

அவளுக்குப் புத்தி ஒன்றும் பிசகவில்லை. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் போவது வழக்கம். படங்களும் அதே வரிசைதான். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதே அங்கே முதல் பக்கம். நம் வசதிக்காகப் படத்தைத் திருப்பி அச்சிட்டால், கதாநாயகன் இடது கையால் சாப்பிடுவான். நம் வீட்டுப் பாட்டிமார் அதற்கும் அல்லவா கோபித்துக் கொள்வார்கள்?

மங்கா எனப்படும் இந்தக் கதைகள் பிறக்கிற விதத்தைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். அநேகமாக முதலில் மலிவுக் காகிதத்தில் அச்சான பத்திரிகையில் தொடராக வரும். நல்ல இடமாகப் பார்த்துத் 'தொடரும்' போடுவார்கள். பிறகு புத்தகமாகும். இது நமக்குத் தெரியாத சங்கதியா? 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தவர்கள் யார்? குந்தவை எப்படி இருப்பாள், நந்தினி எப்படி இருப்பாள் என்று அவர்களுக்குக் காட்டியது ஓவியர் மணியத்தின் தூரிகை அல்லவா? படம் இருக்கிறதே என்று அந்தப் புத்தகத்தை யாரும் பூட்டவில்லை. பூட்டியிருந்தால், இரவல் கேட்பவர் கண்ணில் படாமலிருக்கத்தான்! 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்த பையன்களோ இன்று தாத்தாக்கள்.

நான் இப்போது படித்துக் கொண்டிருப்பது கெய்ஜி நகஸாவாவின் 'பேர்ஃபுட் கென்'. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. தகப்பனார், அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்கடியில் அகப்பட்டு மாண்டார்கள். தாயார் பிழைத்தார். 1966-ல் அந்தத் தாயாரும் காலமானார். தகனத்துக்குப் பின் அஸ்தி எடுக்கப் போன மகனுக்கு எலும்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லையாம். அம்மாவின் எலும்பைக்கூடக் குண்டு விட்டு வைக்கவில்லையே என்று கொதித்துப் போய்த்தான் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973-ல் ஆரம்பித்த இந்தத் தொடரில், அரிசிக்காகத் தாயும் பிள்ளையும் அலைகிற அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொம்மைப் புத்தகம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எட்டாவது படிக்கும் பெண் இதைத் தனியாகப் படிக்க வேண்டாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

எல்லா மங்காவும் உயர்த்தி என்று சாதிக்க நான் வரவில்லை. பாகம் பாகமாகப் போயும் சண்டை ஓயாத கதைகள் உண்டு. நாலாவது பாகத்தில் எனக்குக் கொட்டாவி வந்து விட்டது. பெண்களை அலங்கோலமாக வரைந்தவையும் உண்டு. வாங்குமுன் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து விடுவது நல்லது.

உங்களுக்கென்று ஒன்று சொல்லட்டுமா? மச்சிகோ ஹஸெகாவா என்ற பெண்மணி 1946 முதல் 1974 வரை தினசரியில் வரைந்த 'ஸஸாயே ஸான்'. நாலே கட்டம்; ஒரு சிரிப்பு. நாயகி ஒரு குடும்பப் பெண். கணவன், குழந்தை சகிதம் தாய் வீட்டிலேயே வாசம் செய்யும் பாக்கியசாலி! சரியான அவசரக்காரி. ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. பகல் தூக்கத்துக்கு முன் பத்துத் துணுக்குகள் படிக்கலாம். அடுப்பில் பால் இருக்கும்போது மட்டும் கையில் எடுக்காதீர்கள்.