பெட்டி பெருத்தால் பேஸ் பெருகாது

காருக்கு சப்வூஃபர் வைக்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான். “டிக்கில எடம் இருக்குல்ல? பெட்டியப் பெருசா அடிச்சிருங்க. அப்பத்தான் பேஸ் இறங்கும்.” கடைக்காரர் இதைச் சொல்வார், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பர் சொல்வார், பெட்டி அடிக்கும் ஆசாரியும் சொல்வார். என் முதல் பெட்டியை நானும் இதை நம்பித்தான் அடித்தேன். அது டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. பேஸ் தளர்ந்து, தாளத்துக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. சில மாதங்களில் ஒலியைக் கூட்டும்போதெல்லாம் ஸ்பீக்கருக்குள் ‘டக் டக்’ என்று இடிக்கத் தொடங்கியது. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் பின்தகட்டில் போய் மோதிக்கொண்டிருந்தது. பிறகு அதே ஸ்பீக்கரைக் கணக்குப் போட்டு, அதில் பாதி அளவுள்ள பெட்டியில் வைத்தேன். இடிப்பு நின்றது, தாளம் நேரானது. அன்றிலிருந்து இந்த அறிவுரையை எங்கே கேட்டாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

முதலில் பெட்டி எதற்கு என்பதைப் பார்ப்போம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். அவற்றைப் பிரித்து வைப்பது பெட்டியின் முதல் வேலை. இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். கோன் உள்ளே போனால் எதிர்த்துத் தள்ளும், வெளியே போனால் பிடித்து இழுக்கும். பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைப்பாகும், பெரிதானால் தொளதொளக்கும். மிருதங்கம் செய்பவர் தக்கு சுருதிக்கு நீளமான கட்டையும் ஹெச்சு சுருதிக்குக் குட்டையான கட்டையும் எடுக்கிறார். நீளமே நல்லது என்று அவர் எல்லாருக்கும் ஒரே கட்டையைக் கடைவதில்லை. சப்வூஃபர் பெட்டியும் அப்படிப்பட்ட ஒரு கட்டைதான்.

எந்த ஸ்பீக்கருக்கு எந்தக் கட்டை என்பதைச் சொல்லும் கணக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் அதற்கு அடித்தளம் இட்டார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து முடித்தார். நல்ல நிறுவனங்களின் ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் என்று மூன்று எண்கள் இருக்கும். எஃப்எஸ் என்பது பெட்டி இல்லாத நிலையில் ஸ்பீக்கர் தானாக அதிர விரும்பும் அதிர்வெண். க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதன் அளவு. வாஸ், ஸ்பீக்கரின் சொந்த விறைப்புக்குச் சமமான விறைப்பைத் தரும் காற்றின் அளவு, லிட்டரில்.

எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, வாஸ் 50 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்கு வழி எளிது. வாஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். கிடைத்த எண்ணால் எஃப்எஸ்ஸையும் க்யூடிஎஸ்ஸையும் பெருக்குங்கள். 25 லிட்டர் பெட்டியில் இவை 52 ஹெர்ட்ஸ், 0.87 என்று வரும். 50 லிட்டரில் 42 ஹெர்ட்ஸ், 0.71. 100 லிட்டரில் 37 ஹெர்ட்ஸ், 0.61. பார்த்தீர்களா, பெட்டி பெருக்கப் பெருக்க அதிர்வெண் இறங்குகிறதே என்று பெரிய பெட்டிக்காரர் சொல்வார். இங்கேதான் அவர் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார். அதிர்வெண் இறங்கும்போது கூடவே க்யூவும் இறங்குகிறது. க்யூ இறங்கினால் ஒலி முன்கூட்டியே சரியத் தொடங்கிவிடும். ஒலி 3 டெசிபல் குறையும் புள்ளி எங்கே என்று பாருங்கள்: 25 லிட்டருக்கு 44 ஹெர்ட்ஸ், 50 லிட்டருக்கு 42, 100 லிட்டருக்கு 43. பெட்டியை நான்கு மடங்கு ஆக்கியதற்குக் கிடைத்த லாபம் ஒரே ஒரு ஹெர்ட்ஸ்.

40 ஹெர்ட்ஸில் 50 லிட்டரும் 100 லிட்டரும் ஒரே அளவு ஒலிக்கும். 60 ஹெர்ட்ஸில் 25 லிட்டர் பெட்டி, 100 லிட்டரைவிட ஒரு டெசிபலுக்கு மேல் உரக்கவே ஒலிக்கும். பெரிய பெட்டி முந்துவது 20 ஹெர்ட்ஸ் பக்கம் போனால்தான். அங்கும் 50 லிட்டரைவிட ஒன்றரை டெசிபல்தான் கூடுதல். நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் நடப்பதைக் கேட்கத்தான் சப்வூஃபர் என்றால், அந்த ஒன்றரை டெசிபலை நீங்கள் சந்திக்கவே போவதில்லை. ஆனால் அதற்கான விலை தினமும் கண்ணில் படும். உள்ளே 100 லிட்டர் வேண்டுமானால் 18 மில்லிமீட்டர் பலகையில் வெளியளவு 80க்கு 40க்கு 40 சென்டிமீட்டர், அதாவது 128 லிட்டர் ஆகும். 380 லிட்டர் டிக்கியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. போதாக்குறைக்கு ஸ்பிரிங் தளர்ந்து கோன் அதிக தூரம் பாயும். என் ஸ்பீக்கர் இடித்தது அதனால்தான்.

காருக்குள் பெரிய பெட்டி வாதம் இன்னும் வலுவிழக்கிறது. ஓர் ஒலியலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதாகும்போது, கார் முழுவதும் ஒரே அழுத்தப் பாத்திரம் போல ஆகிவிடும். உள்நீளம் 2.7 மீட்டர் என்றால் ஏறத்தாழ 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது தொடங்கும். அங்கிருந்து அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு படிக்கும் கார் தானாகவே ஒலியை உயர்த்தும். காற்றே கசியாத காரில் இந்த உயர்வு 12 டெசிபல் வரை. மூடிய பெட்டியின் ஒலி சரிவதும் படிக்கு 12 டெசிபல்தான். கதவும் கண்ணாடியும் கொஞ்சம் நெகிழ்வதால் நிஜக் காரில் உயர்வு குறையும். ஆனாலும் வீட்டுக் கூடத்தில் கிடைக்காத உதவி இது. அளவான மூடிய பெட்டிக்கு, கீழ் ஸ்தாயியைக் கார் கணிசமாக நிரப்பித் தருகிறது.

“அப்போ பெட்டில ஒரு பைப்பச் சொருகிடலாம், பேஸ் டபுளாகும்” என்பது அடுத்த வாதம். பைப் வைத்த பெட்டி உண்மையிலேயே வலிமையானது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் அதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். வெற்று சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுமே, அதே தத்துவம்தான். அந்தச் சுரம் எது என்பதைப் பெட்டியின் கொள்ளளவு, பைப்பின் விட்டம், நீளம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஏதோ ஒரு பைப்பை ஏதோ ஒரு நீளத்தில் சொருகினால் ஏதோ ஒரு சுரம்தான் வரும். 50 லிட்டர் பெட்டியை 33 ஹெர்ட்ஸில் நிறுத்த, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பைப் 36 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். கடையில் கிடைத்தது என்று 15 சென்டிமீட்டர் துண்டைப் பொருத்தினால் பெட்டி 46 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். அந்த இடம் மட்டும் உப்பிக்கொண்டு, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தும்’. அதற்குக் கீழே கோனைப் பிடிக்க ஸ்பிரிங்கே இருக்காது. ஆம்பில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் போடாவிட்டால் ஸ்பீக்கர் கிழியும். நீளத்துக்கு இடமில்லை என்று 5 சென்டிமீட்டர் பைப்பை எடுத்தால் 7 சென்டிமீட்டர் நீளமே போதும், கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் வாய் நான்கில் ஒன்றாகச் சுருங்குவதால் காற்று நான்கு மடங்கு வேகத்தில் ஓடிப் ‘புஸ் புஸ்’ என்று சீறும். பொதுவாக க்யூடிஎஸ் 0.4க்குக் கீழே உள்ள ஸ்பீக்கர்களே பைப்புக்கு இணங்கும். நம் உதாரண ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டியே பொருத்தம்.

பெரிய பெட்டிக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஹெச்’சுக்கு உரியவரான ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன் ஒரு விதி சொன்னார்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். பெரிய பெட்டிக்கென்றே வடிவமைத்த ஸ்பீக்கரைப் பெரிய பெட்டியில் வைத்தால் அது குறைந்த வாட்டில் நன்றாக முழங்கும். அங்கும் பெட்டியின் அளவைச் சொல்வது ஸ்பீக்கர்தான், டிக்கி இல்லை. மாறாக, எட்கர் வில்ச்சூர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி, அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுத்துக் காட்டினார்.

பெட்டிக்கு அடுத்து பேச்சில் வரும் வாட்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். ஆம்பின் மேல் 2000 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 14.4 வோல்ட்டில் தொடர்ந்து உள்ளே வருவதே 432 வாட்ஸ்தான்.

பலகை விஷயத்தில் “எந்தப் பலகையா இருந்தா என்ன” என்பார்கள். எம்டிஎஃப் கனமானது, அதிர்வு குறைவு, வெட்ட எளிது. ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும். மழைக்காலத்தில் டிக்கி ரப்பர் வழியாகத் தண்ணீர் கசியும் பழைய கார்களுக்கும் கடலோர ஊர்களுக்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டையே நான் சொல்வேன். மூட்டுகளில் ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டபின் உள்பக்கம் முழுக்க சிலிக்கோன் பூசுங்கள். மூடிய பெட்டியில் காற்று கசிந்தால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. கொள்ளளவை எப்போதும் உள்ளளவில் கணக்கிட்டு, ஸ்பீக்கர், பைப், குறுக்குச் சட்டம் அடைக்கும் இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, “பேஸ் வரலன்னா பெட்டி பத்தல.” செடான் காரில் பின்சீட்டுக்குப் பின்னால் தகடும் பஞ்சும் நிற்கின்றன. டிக்கிக்குள் ஒலிப்பதில் ஒரு பகுதி உள்ளே வராமல் டிக்கி மூடியையும் நம்பர் பிளேட்டையும் கிடுகிடுக்க வைத்துவிட்டுப் போகும். பின்சீட்டை மடக்கிவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். பேஸ் எகிறினால் குறை பெட்டியில் இல்லை, வழியில் இருக்கிறது. பெட்டியைத் திருப்பியும் பாருங்கள். முன்பக்கம் பார்த்த ஸ்பீக்கர் டிக்கிக் கதவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், கதவில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேரலையை அழிக்கும். ஸ்பீக்கரைக் கதவை நோக்கித் திருப்பி நெருக்கி வைத்தால் அந்தக் குழி சப்வூஃபரின் எல்லைக்கு மேலே போய்விடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது டிக்கியின் அளவைச் சொல்லிப் பெட்டி கேட்காதீர்கள். ஸ்பீக்கரின் தாளை முதலில் கேளுங்கள். அந்த மூன்று எண்களைப் பார்த்து லிட்டர் கணக்கைச் சொல்லத் தெரிந்தவரிடம் பெட்டி அடிக்கக் கொடுங்கள். தாளே இல்லை என்பவரிடம் ஸ்பீக்கரும் வாங்காதீர்கள்.