ட்ரிபிள்ஸ் போகலாம்!

நம்ம சினிமாவில் கதாநாயகி காலில் பாம்பு கடிக்கும். ஹீரோ உடனே தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, கடிவாயில் வாய் வைத்து உறிஞ்சி, 'த்தூ' என்று துப்புவார். அடுத்த ஸீன் டூயட். நிஜத்தில் இப்படிச் செய்தால் அடுத்த ஸீன் ஐ.ஸி.யூ.!

என் சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. கடலைக் கொல்லையில் கண்ணாடிவிரியன். முதலில் துண்டை முறுக்கி முழங்காலுக்கு மேல் கட்டினார்கள். அப்புறம் மந்திரிப்பவரிடம் அரை மணி. அதற்கப்புறம்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? "மருந்து இருக்குங்க. ஆனா போட்டு அலர்ஜி ஆயிடுச்சுன்னா எங்களால சமாளிக்க முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க." கையில் ஒரு சீட்டு.

பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கடித்து ஐந்து மணி நேரம். சிறுநீரகம் ஸ்ட்ரைக் பண்ணிவிட்டது. பல வாரம் டயாலிஸிஸ். இரண்டு மாடு விற்று, மனிதர் பிழைத்தார். இன்றைக்கும் கேட்டால், "அந்தத் துண்டுதாண்டா என்னைக் காப்பாத்துச்சு" என்பார்.

இவராவது பிழைத்தார். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58 ஆயிரம். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள்.

சரி, ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? ராக்கெட் மாதிரி மெஷின் ஏதாவது? இல்லை சார். பைக்!

தென்கிழக்கு நேபாளத்தின் சமவெளிக் கிராமங்களில் ஒரு சோதனை. பைக் வைத்திருக்கும் உள்ளூர் இளைஞர்களைத் தயார் பண்ணினார்கள். யாரைப் பாம்பு கடித்தாலும் உடனே வண்டியை எடுக்க வேண்டும். ஓட்டுபவர் முன்னால், கடிபட்டவர் நடுவில், பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால். நேரே சிகிச்சை மையம். கூடவே 'கட்டாதே, கீறாதே' என்று ஊருக்குள் பிரசாரம். அதற்கு முன்னால் கடிபட்ட நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அது இருநூறுக்கு ஒருவர் என்று இறங்கியது. 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். போலீஸே மன்னிக்க வேண்டிய ட்ரிபிள்ஸ்!

இரண்டாவது, அந்த அலர்ஜி பயம். விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து தயாராகிறது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு திணறும், பிரஷர் இறங்கும். டாக்டர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இலங்கையில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்து 2011-ல் ஒரு விடை சொன்னார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன்னால், தோலுக்கடியில் துளி அட்ரினலின். முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான அலர்ஜி 43 சதவிகிதம் குறைந்தது. வழக்கமாகப் போடும் ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் பிரயோஜனப்படவில்லை. அட்ரினலின் ஒன்றும் தங்க பஸ்பம் இல்லை, மலிவான மருந்து.

மூன்றாவது, ஒரு கண்ணாடிக் குழாய். கடிபட்டவரின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிஷம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதா? விரியன் வேலையைக் காட்டிவிட்டது, மருந்து வேண்டும். கரண்ட் கூட வேண்டாம். ஒரே நிபந்தனை, சோப்புப் பவுடரில் கழுவின குழாய் ஆகாது. அதில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும்.

பைக், ஊசி, குழாய். மூன்றும் சேர்ந்தால் முதல் டோஸ் பக்கத்து ஊரிலேயே ஏறிவிடும். அப்புறம் தாராளமாகப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். சித்தப்பா தொலைத்தது அந்த முதல் டோஸைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது? கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாமல் காலே அழுகலாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் குச்சி வைத்து அசையாமல் பண்ணுங்கள். நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடித்துப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டியதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். இரண்டாவது ஆளுக்கும் கடி வாங்கித் தராதீர்கள்!

கட்டுவிரியன் விஷயத்தில் இன்னும் உஷார். ராத்திரி தரையில் தூங்குபவரைக் கடிக்கும், வலியே இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, இமை தானாக மூடுகிறது என்றால், ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அது வர நேரமாகும் என்றால், இருக்கவே இருக்கிறது நடு சீட்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? கரும்பு வாங்குகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்: "சார், பாம்புக்கடி மருந்து ஸ்டாக் இருக்கா? ராத்திரியில போடுவீங்களா?" பதில் 'இல்லை' என்றால், எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு, வீட்டுச் சுவரில் பெரிசாக எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

நான் எழுதிவிட்டு வந்தேன். சித்தப்பா படித்தார். "எல்லாம் சரிடா, துண்டைப் பத்தி ஒண்ணும் எழுதலியே?" என்றார்.

எழுதிவிட்டேன் சித்தப்பா, இதோ!