குருட்டுக் கொக்கின் கண்

என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் சென்ற வாரம் ஒரு படம் கொண்டுவந்து காட்டினான். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில் நின்ற மடையான் ஒன்று, நீரில் அலகைப் பாய்ச்சி மீனைக் கவ்வும் தருணம். திவலைகள் முத்துக்கள்போல் சிதறியிருந்தன. எல்லாம் நேர்த்தி, கண் மட்டும் பால் படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது.

"போட்டிக்கு அனுப்பலாமா, ஸார்?" என்று கேட்டான்.

"கண்ணைச் சரிப்படுத்தி அனுப்பு. உன்னிடந்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே! வேறொரு படத்திலிருந்து நல்ல மஞ்சள் கண்ணாக எடுத்து ஒட்டி, ஒரு வெண்புள்ளியும் வைத்துவிடு" என்றேன்.

சொன்னபோது வெகு சாமர்த்தியமான யோசனையாகவே பட்டது. நம் சிற்பிகளும் கடைசியில் அல்லவா சிலைக்குக் கண் திறக்கிறார்கள்? கண்ணில் ஒளிப்புள்ளி இல்லாவிடில், பறவை பாடம் செய்து வைத்தது போலத் தோன்றும் என்பதும் உண்மையே. அதற்காகவே படம் பிடிப்போர் சூரியன் தங்கள் முதுகுப் பக்கம் வரும்வரை காத்திருக்கிறார்கள்; பறவையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து சேற்றிலே படுக்கிறார்கள்.

ஆனால் இரவு மனம் உறுத்தியது. அந்த வெண்மை குறையல்லவே! பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. மெல்லிய சவ்வு, பக்கவாட்டில் ஓடிக் கண்ணைத் துடைக்கும், காக்கும். மீனைக் கொத்தும் கணத்தில் மடையான் அதை மூடியிருக்கிறது. நாம் காணாத அக்கணத்தைப் பையன் பிடித்தான். ஆசிரியனாகிய நான் அழிக்கச் சொன்னேன்! ஆள் நெருங்கும்வரை அசையாது நிற்பதால் மடையானைக் 'குருட்டுக் கொக்கு' என்பார்கள். குருடு யாருக்கு?

இதே மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் மறையும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் நம் தேசத்துப் பிராணிகளைப் பற்றி எழுதி வந்தார். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் மஞ்சள் கண்ணும் சாம்பல் நிறந்தான். அதனால் என்ன குறைந்துபோயிற்று? ஓவியனுக்குக் கண்ணைப் படைக்கும் உரிமை உண்டு. புகைப்படக்காரனுக்கோ காத்திருந்து தேர்ந்தெடுக்கும் உரிமைதான். இல்லாததை ஒட்டுவது கலையல்ல, பொய்ச் சாட்சி.

மறுநாள் அவனை அழைத்து, "கண் இருந்தபடியே இருக்கட்டும், காரணத்தைக் கீழே இரண்டு வரி எழுது" என்றேன்.

"நான் மாற்றவே இல்லை, ஸார். மனசு வரவில்லை" என்றான்.

பரிசு கிடைக்குமோ, கிடைக்காதோ! பிரதி ஒன்றை வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறேன். என் கண்ணைத் திறந்த படமாயிற்றே!