ரோட்டைக் கெடுப்பது யார்?

ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பக்கம் காற்றாலை சாமான் ஏற்றிய பெரிய ட்ரெய்லர் ஊர்ந்து வந்தால் போதும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: "இவனுங்களாலதான் ரோடே நாசமாப் போகுது!"

நிஜமாகவா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

2 மெகாவாட் காற்றாலையின் தலைப்பகுதி மட்டுமே 70 டன் வரை இருக்கும். இப்படிப்பட்ட பாரத்துக்கென்றே இருப்பதுதான் ஹைட்ராலிக் ஆக்சில் ட்ரெய்லர். ஒரு வரிசைக்கு 8 டயர். ஒவ்வொரு 4 டயருக்கும் மேலே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களை எண்ணெய்க் குழாய் இணைக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடி சிலிண்டரை நீட்டும். மேடு வந்தால் சுருக்கும். பாரம் எந்த டயர் மீதும் தனியாக விழாது. அவ்வளவுதான் விஷயம்!

இப்போது கணக்கு. ஹைட்ராலிக் ட்ரெய்லரின் ஒரு வரிசைக்குச் சட்டம் அனுமதிப்பது 18 டன். டயருக்கு 2.25 டன். 2018-ல் மத்திய அரசு உயர்த்திய வரம்புப்படி, சாதாரண லாரியின் 4 டயர் ஆக்சிலுக்கு 11.5 டன். டயருக்கு 2.87 டன்! ஆக, 'ராட்சசன்' மிதிப்பதைவிட லாரி மிதிப்பதுதான் அழுத்தம்.

அதுவும் சட்டப்படி ஏற்றினால்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஆக்சில் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்கு என்று தெரிந்தது. இதே கணக்கில், 11.5 டன்னுக்குப் பதில் 15 டன் ஏற்றினால் சேதம் கிட்டத்தட்ட 3 மடங்கு.

ட்ரெய்லர் என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் தினமும் ஓடுகின்றன. ஓவர்லோடு அடிப்பவருக்கு ஒரு நடை டீசல் மிச்சம். ரோடு போடும் செலவு ஊரார் வரிப்பணத்தில்! லாபம் ஒருவருக்கு, செலவு எல்லோருக்கும். பொருளியலில் இதற்குப் பெயரே உண்டு, புறச்செலவு.

ட்ரெய்லருக்கு வக்காலத்து இல்லை இது. பாலங்களுக்கு மொத்த எடையும் முக்கியம். சின்னப் பாலங்களைச் சோதித்துப் பார்க்காமல் அனுமதி தரக்கூடாது. ஆனால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளாவுக்கு ஏறும் பாதைகளில் எடைமேடை வைத்து ஆக்சில் ஆக்சிலாக நிறுத்துப் பாருங்கள். ஏற்றியவருக்கு மட்டுமல்ல, ஏற்றி அனுப்பியவருக்கும் அபராதம் போடுங்கள்.

உருவத்தைப் பார்த்துத் திட்டுவது சுலபம். எடையைப் பார்த்துத் திட்டினால்தான் ரோடு பிழைக்கும்.