படலையைப் பூட்டிவைப்பது ஓய்வல்ல

சென்ற கார்த்திகையில் இங்குள்ள தமிழ்ச் சபை ஒன்றில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டேன். ஆறு வருடம் விதைத்து, ஏழாம் வருடம் நிலத்தை ஓயவிடவேண்டும் என்ற கட்டளை. பிரசங்கியார் இரண்டு விளக்கம் தந்தார். ஒன்று, மண்ணின் சத்து மீளும். மற்றது, நாங்கள் விட்டுவந்த காணிகளும் ஊரில் இப்படித்தான் ஓய்வெடுக்கின்றன, கவலை வேண்டாம். சனம் தலையாட்டியது. எனக்கும் அது இனித்தது. வீடு வந்து அதிகாரத்தை வாசித்த பிறகுதான் கசந்தது.

தரிசு கிடந்தால் மண் வளம்பெறும் என்று அங்கே ஓரிடத்திலும் இல்லை. மண்வளம்தான் நோக்கம் என்றால் இந்த வருடம் ஒரு வயல், அடுத்த வருடம் அடுத்த வயல் என்று மாற்றி விட்டிருக்கலாமே? யூத மரபில் நாடு முழுவதற்கும் ஒரே வருடம்தான். கடைசியாக 2021–22இல் வந்தது. யாத்திராகமம் 23 காரணத்தையே சொல்லிவிடுகிறது: ஏழைகள் சாப்பிடவேண்டும், அவர்கள் விட்டதைக் காட்டு மிருகங்கள் தின்னவேண்டும். திராட்சைத் தோட்டத்துக்கும் ஒலிவத் தோப்புக்கும் அதே விதி. ஒலிவ மரத்துக்கு என்ன தரிசு?

ஆக, அந்த வருடம் ஓய்வது மண் மட்டுமல்ல, உடைமையும்தான். தானாக முளைத்ததைச் சொந்தக்காரன் தன் அறுவடையாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் அவனும் வேலைக்காரனும் கூலியாளும் பரதேசியும் ஒரே நிலையில் நின்று அதைச் சாப்பிடலாம். ரபிமார் இதை இன்னும் இறுக்கினார்கள். வயலில் மிருகங்களுக்கு ஒரு வகை விளைச்சல் தீர்ந்துவிட்டால், வீட்டில் சேர்த்த அந்த வகையையும் வெளியேற்றிவிடவேண்டும். காட்டு மான் பட்டினி கிடக்க உன் அறையில் கூடை நிறைந்திருக்க முடியாது. இதற்கெல்லாம் அடிப்படை அதே அதிகாரத்தின் 23ஆம் வசனம்: நிலம் கடவுளுடையது, நீங்கள் அதில் தங்கவந்தவர்கள். வாடகை வீட்டிலும் விசா வரிசையிலும் காலம் கழித்த எங்களுக்கு இந்த வசனத்துக்கு வியாக்கியானம் தேவையா?

மக்கள் துரத்தப்பட்ட பிறகு நிலம் ஓய்வை அனுபவிப்பது அடுத்த அதிகாரத்தில் வருகிறது. பாபிலோன் சிறையிருப்பின் எழுபது வருடங்களை நாளாகமமும் அப்படித்தான் கணக்கிடுகிறது. ஆனால் அது ஓய்வைக் கொடுக்க மறுத்தவர்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகை. அதை ஆறுதலாக வாசிப்பது எப்படி? (எங்கள் இடப்பெயர்வு தண்டனை என்று நான் சொல்லவரவில்லை. குண்டு போட்டவர்களின் கணக்கு வேறு. வலிகாமம் வடக்கில் இராணுவம் வேலியடைத்து வைத்திருந்த காணிகளும் எந்த வேதத்தின்படியும் ஓய்விலிருக்கவில்லை.)

எங்கள் வளவு எட்டுப் பரப்பு. படலையில் பூட்டு, உள்ளே பற்றை. காணியில்லாத அயலவர் ஒருவர் மரவள்ளியும் பயற்றையும் போடலாமா என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார்: “பத்து வருசம் இருந்தால் ஆட்சியுரிமை கேட்பான், உறுதி போய்விடும்.” சட்டத்தில் அந்தப் பத்து வருடம் இருப்பது உண்மைதான். எழுத்தில் அனுமதி கொடுத்து இருத்தினால் அந்த ஆபத்துப் பெருமளவு நீங்கும் என்பதும் உண்மை. அதை நாங்கள் விசாரிக்கவேயில்லை.

இந்தப் பயம் பழையது. ஏழாம் வருடம் நெருங்குகிறதே, கடன் தள்ளுபடியாகிவிடுமே என்று ஏழைக்குக் கை மூடுகிறவனை உபாகமம் 15 கண்டிக்கிறது. அப்படியும் கைகள் மூடியதால்தான் ஹில்லேல் கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் பத்திரத்தை ஏற்படுத்தினார். 1889இல், பாலஸ்தீனத்தில் குடியேறிய யூத விவசாயிகள் நிலத்தை யூதரல்லாதவருக்குப் பெயரளவில் விற்றுவிட்டுப் பயிரிட ரபிமார் சிலர் அனுமதித்தார்கள். ஏமாற்று என்று வேறு ரபிமார் சீறினார்கள். ஆனால் அந்த விவசாயிகளுக்குப் பசி இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு உறுதிக் கட்டு, அதுவும் லண்டனில், இரும்புப் பெட்டிக்குள்.

அந்த அயலவருக்கு அனுமதிக் கடிதம் எழுதலாம் என்று அண்ணனுக்குத் தகவல் அனுப்பி மூன்று கிழமை. வாசித்துவிட்டார். பதில் இல்லை.