நெரிக்கப்படும் வேகம்

"உது பழசு தம்பி, புதுசொண்டு எடும்." லப்டொப் இழுபடத் தொடங்கினால் கடையில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். இல்லாட்டி போமற் அடிக்கக் காசு. ஒருத்தரும் டாஸ்க் மனேஜரைத் திறந்து வேகத்தைப் பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். 1.6 கிகாஹேர்ட்ஸ் அடிப்படை வேகமுள்ள ஐ5-8250யூ, 0.4இலேயே நின்றது. சூடு 45 பாகைதான். சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டினேன், வேகம் எழும்பிவிட்டது. அப்ப குற்றவாளி ஆர்?

சில கொம்பனிகள் சார்ஜருக்குள் ஓர் அடையாளச் சிப் வைக்கின்றன. பிளக்கின் நடு ஊசி வளைந்தாலோ, வேறு சார்ஜர் செருகினாலோ அடையாளம் போய்விடும். உடனே புரொசசரின் கழுத்து நெரிக்கப்படும், பற்றரியும் ஏறாது.

பாதுகாப்பு எண்டு சொல்லுவினம். வாற் குறைந்த சார்ஜருக்கு அது நியாயம். வாற் போதுமான சார்ஜரையும் தண்டிப்பது பாதுகாப்பில்லை, வியாபாரம். காரணத்தைத் திரையில் தெளிவாகச் சொல்லாதது அதைவிட மோசம்.

த்ரொட்டில்ஸ்டொப்பில் 'பிடி புரொக்ஹொட்' அடையாளத்தை எடுத்தால் பெரும்பாலும் வேகம் திரும்பும். ஆனால் அது சூட்டுக்கான காவலும்கூட. வெப்பநிலையைக் கவனிக்காமல் கை வைக்காதேங்கோ. புதுசுக்குக் கடன்பட முதல், நண்பரிடம் ஒரிஜினல் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கோ.