கதவு திறந்திருக்கட்டும்

கலைக்கூடம் என்றதும், அது படித்தவர்க்கும் பணம் படைத்தவர்க்கும் உரிய இடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறென எனக்கு உணர்த்தியவர், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்த என் தந்தை.

பதனிட்ட தோலை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னைப் பெரியமேட்டுக்குச் செல்வது அவர் வேலைகளுள் ஒன்று. சரக்கை இறக்கிக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன், அப்படிக் காத்திருந்த ஒரு நாள், காலாற நடந்து எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே செந்நிறக் கல் மாளிகை ஒன்றில் இரவிவர்மாவின் ஓவியங்களைக் கண்டார். “பொடவை மடிப்பத் தொட்டுப் பாக்கலாம் போல இருந்துச்சுடா” என்று பலமுறை சொல்வார். தோலின் தரத்தை விரலால் தடவியே அறிந்த கை அல்லவா!

அம்மாளிகைதான் தேசியக் கலைக்கூடம். 1906-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1909-ல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். அதன் முகப்பு, ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய புலந்த் தர்வாசாவை நினைவூட்டுவது. அரசியின் பெயரால் எழுந்த அம்மண்டபம், விடுதலைக்குப் பின் 1951-ல் தேசியக் கலைக்கூடமாயிற்று. ஆள்வோர் பெருமைக்கென எழுப்பிய வாயில், லாரியில் வந்த தொழிலாளிக்கும் திறந்தது. இதைவிடப் பெரிய வரலாற்று மாற்றம் வேறென்ன?

ஆனால் கட்டிடம் பழுதுற்றதால் 2002-ல் அது பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, பள்ளி மாணவனான என்னை அங்கு அழைத்துச் சென்ற தந்தையால் சாத்திய கதவைத்தான் காட்ட முடிந்தது. “இதுக்கு அந்தாண்டதான்டா பாத்தேன்” என்றார். அவ்வளவுதான்.

பழுதுற்ற கூரையின்கீழ் மக்களை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பழங்கட்டிடத்தைப் பொறுமையாகத்தான் சீர்செய்ய வேண்டும். ஆனால் கட்டிடம் ஓய்வெடுக்கும்போது கலையும் உறங்க வேண்டுமா? ஒரு கலைக்கூடத்தைச் சீர்செய்ய மூடினால், பயணத்தைத் தாங்கக்கூடிய ஓவியங்களையேனும் மாவட்டங்களுக்குத் தக்க காவலோடு அனுப்பிக் காட்டுவதை அரசு விதியாகவே ஆக்கலாம். நம் வேலூர்க் கோட்டைக்குள்ளும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே!

அதே கோட்டையில் இன்னொரு பாடமும் உண்டு. ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரை வீரரும் உயிர்த்து நிற்கின்றனர். ஆயினும் நெடுங்காலம் அக்கோயில் வழிபாடின்றிக் கிடந்தது. 1981-ல் இலிங்கம் மீண்டும் எழுந்தருளிய பின்பே மக்கள் திரளும் இடமாயிற்று. சிற்பம் அன்றும் அதே சிற்பந்தான். வந்து நிற்க மக்கள்தாம் இல்லை.

நண்பர்களே! ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகத்தின் கால்களுக்குத் தோலும் காலணியும் அனுப்பும் ஊர்கள். கடல் கடந்து சரக்கு அனுப்பத் தெரிந்த நமக்கு, சென்னையிலிருந்து நான்கு ஓவியங்களை வரவழைக்கக் கேட்கத் தெரியாதா? கேட்போம். அதற்குமுன், அடுத்த விடுமுறையில் கோட்டைக்குள் சென்று அத்தூண்களை ஒருமணி நேரமேனும் நின்று பார்ப்போம். பார்ப்பவன் இருந்தால்தான் கதவு திறக்கும்.

– மூன்றாமாண்டு வரலாற்று மாணவன்